வலது கால் பூட்ஸ்

"அந்தக் கடைக்காரன் நாசமாப் போகணும். அதுக்கு நான் என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க."

தையல்காரி பையைத் தூக்கி மேஜையில் போட்ட வேகத்தில் வேர்க்கடலைத் தோல்கள் நாலா பக்கமும் பறந்தன. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த துப்பறியும் பெண்மணி அசையவில்லை. கையில் இருந்த கடலையை உடைத்தாள், ஊதினாள், வாயில் போட்டாள். அவளை எல்லோரும் மௌனி என்றுதான் கூப்பிட்டார்கள். பேசுகிற வேலை முழுவதையும் அவள் தன் உதவியாளன் தலையில் கட்டியிருந்தாள். அவனுக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்துகிற பட்டன் மட்டும் வைக்க மறந்துவிட்டார்கள்.

"அக்கா, நாசமாக்குறது எங்க டிபார்ட்மென்ட் இல்ல" என்றான் ரேடியோ. "நாங்க கண்டுபிடிக்கிறதோட சரி. நாசம் அதுக்கப்புறம் தானா நடக்கும். உக்காருங்க."

"உக்கார வரல."

உட்காருகிற நிலையில் அவள் இல்லை என்பது உண்மைதான். கார் சீட்டுக்கு உறை தைப்பது அவள் தொழில். நாள் முழுக்க உட்கார்ந்து தைப்பவள், ஒரு வருஷமாக எங்கே போனாலும் நின்றுகொண்டே பேசினாள். உட்கார்ந்தால் கோபம் ஆறிவிடும் என்று பயந்தாளோ என்னவோ.

விஷயம் இதுதான். அவளுடைய ஒரே தம்பி மலை ஏறுகிறவன். போன வருஷம் தன் கூட்டாளியோடு ஒரு பெரிய மலைக்குப் போனான். பாதி பாறை, பாதி பனி. அதுவரை யாரும் ஏறாத வழி. இரண்டு பேர் போனார்கள், ஒருவன் திரும்பினான். திரும்பியவனை இப்போது எல்லோரும் சிகரம் என்று கூப்பிடுகிறார்கள். உச்சியைத் தொட்டவன் ஆயிற்றே!

தம்பி காலில் இருந்தது வளைந்து கொடுக்கும் மெல்லிய பூட்ஸ், பாறைக்குச் சரி, பனிக்கு ஆகாது, அதனால் பனிச்சரிவில் வழுக்கி விழுந்தான் என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். சிகரம் அப்படித்தான் வாக்குமூலம் கொடுத்தான். கொடுக்கும்போது அழுதான். "நான் எவ்வளவோ சொன்னேன் அக்கா, கேக்கல. இதுவே போதும்னு கடைக்காரன் தலையில கட்டிட்டான்" என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். நான் கெட்டி பூட்ஸ்தான் கொடுத்தேன் என்று கடைக்காரர் கத்தியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விற்றவன் வேறு எப்படிச் சொல்வான்?

அன்றிலிருந்து தையல்காரி ஒவ்வொரு விடுமுறை நாளும் அந்தக் கடை வாசலில் தம்பி படத்தோடு போய் நின்றாள். உள்ளே நுழைகிற ஒவ்வொருவரிடமும் "இங்க வாங்காதீங்க, என் தம்பி வாங்கினான்" என்றாள். அந்த ஒரு வரி போதும். ஜே ஜே என்று இருந்த கடையில் இப்போது ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவும் அவளுக்குப் பத்தவில்லை. அந்த ஆளைக் கோர்ட் கூண்டில் நிறுத்தினால்தான் வயிற்றெரிச்சல் அடங்கும்.

"பையில என்ன?" என்று ரேடியோ கேட்டான்.

"அவன் கால்ல இருந்த பூட்ஸ். போலீஸ் முத்திரை போட்டுக் கொடுத்தாங்க. பரண்ல வச்சேன், பிரிக்கல." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "பிரிக்க முடியல. ஆனா கேஸ் போடணும்னா இதுதானே சாட்சி?"

மௌனி கத்தரிக்கோலால் பையைப் பிரித்தாள். கணுக்காலுக்கு மேல் வரை வரும் சாம்பல் நிற பூட்ஸ் ஜோடி. இடது பூட்ஸுக்கு அடியில் ஓர் இரும்புப் பல் வரிசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வலது பூட்ஸில் அது இல்லை, அறுந்த கயிறு மட்டும் தொங்கியது.

"பனியில வழுக்காம இருக்க மாட்டுறது. கிராம்பான்னு சொல்லுவான்" என்றாள் தையல்காரி.

"கிராம்பா? பல்வலிக்குத்தான் வைப்பாங்கன்னு நெனச்சேன்" என்றான் ரேடியோ. தையல்காரி முறைத்த முறைப்பில் அடுத்த ஜோக்கை அப்படியே மென்று முழுங்கினான்.

மௌனி விரலால் அந்தக் கயிற்றைத் தொட்டாள். மூட்டை கட்டுகிற சாதாரணக் கயிறு. இரும்புப் பல்லைப் பூட்ஸோடு சேர்த்து மாறி மாறிச் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டிருந்தது. அவள் அன்றைக்கு முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"உங்க தம்பி எப்படி, அலட்சியமான ஆளா?"

"அவனா? ஷூ லேஸுக்கு இஸ்திரி போடுவான்!"

"அப்ப கயிறு எதுக்கு?"

தையல்காரி குனிந்து கயிற்றைப் பார்த்தாள். ரேடியோ முந்திக்கொண்டான்.

"பாஸ், பேன்ட்டுக்குக் கயிறு கட்டிக்கிட்டு எவனும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டான். வந்த இடத்துல பெல்ட் திருடு போனவன்தான் கயிறு தேடுவான்."

மௌனி எழுந்து கடலைத் தோலைத் தட்டிவிட்டாள். "கடைக்குப் போவோம்."

*

தையல்காரியைத் தூரத்தில் பார்த்ததுமே கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். ரேடியோ குனிந்து உள்ளே தலையை நீட்டினான்.

"சார், இன்னைக்கு இவங்க கத்த வரல. கேக்க வந்திருக்காங்க. எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு."

"ஒரு வருஷமாக் கேக்காதவங்க இன்னைக்கு என்ன புதுசா?" கடைக்காரர் நரைத்த மீசையும் கடுகடுப்பும் உள்ள மனிதர். ஆனாலும் ஷட்டரைத் தூக்கினார். வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிற நிலையில் கடை இல்லை.

உள்ளே அலமாரிகளில் தூசி படிந்த பூட்ஸ்கள். தெருவின் எதிர்ச் சுவரில் ஒரு பயிற்சிக்கூடத்தின் விளம்பரம் ஒட்டியிருந்தது. அதில் சிகரம் கைகட்டிச் சிரித்தான். 'நண்பனைத் தேடி ஒரு விரலையே கொடுத்தவரிடம் மலையேற்றம் கற்றுக்கொள்ளுங்கள்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. உச்சியிலிருந்து இறங்கிய பிறகு, விழுந்த நண்பனைப் பனியில் நின்று தேடினான், அதில் ஒரு கால்விரல் விறைத்துப்போய் எடுக்க வேண்டியதாயிற்று. இந்தக் கதை ஊருக்கே மனப்பாடம். கேட்டபோது தையல்காரியே அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள்தான்.

மௌனி சாம்பல் நிற பூட்ஸை மேஜையில் வைத்தாள். கடைக்காரர் அதைக் கையில் எடுத்து, ஈரத் துணியைப் பிழிவது போல் முறுக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா? வளையுது. பாறையில ஏறும்போது இது சொகம். கல்லோட விளிம்பு காலுக்கே தெரியும். பனியில? முன்காலால உதைச்சு, அந்த நுனியிலேயே நிக்கணும். அடி வளைஞ்சா நீங்க நிக்கிறது பனியில இல்ல, ஆண்டவன் கையில." அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். "இது வளையாது. மரக்கட்டை. சுத்தப் பனிக்கு நல்லது. ஆனா பாறையில இதைப் போட்டுக்கிட்டு ஏறினா எருமை ஏணியில ஏறின மாதிரி இருக்கும்."

"அப்ப பாதி பாறை, பாதி பனின்னா?" என்றான் ரேடியோ.

"இது." மூன்றாவது ஒன்று வந்தது. "அடி கெட்டி, கணுக்கால்ல கொஞ்சம் இளக்கம். நுனி சன்னம், பாறையைப் பிடிக்கிற ரப்பர். முன்னாலயும் பின்னாலயும் பள்ளம் இருக்கு பாருங்க, கிராம்பான் கம்பி இந்தப் பள்ளத்துலதான் உக்காரும். டக்குனு பூட்டிக்கும். உங்க தம்பிக்கு நான் கொடுத்தது இதுதாம்மா. சாயங்காலம் வரச் சொன்னேன், கால் வீங்கியிருக்கும்போது அளவு பாத்தாத்தான் சரியா இருக்கும். தடி சாக்ஸோட போடச் சொன்னேன். அந்தச் சாய்பலகையில இறங்கச் சொன்னேன், விரல் முன்னால இடிக்கக் கூடாது. எல்லாம் பாத்தேன். ஒரே ஒரு குறைதான் இருந்துச்சு."

"என்ன குறை?" என்று தையல்காரி பாய்ந்தாள்.

"வலது கால்ல ஓரமா இடம் காலியா இருந்துச்சு. அவருக்குத்தான் அந்தக் கால்ல பிறவியிலேயே நாலு விரலாச்சே. வேற ஜோடி பாக்கலாமான்னு கேட்டேன். சிரிச்சார். 'அதை எங்க அக்கா பாத்துக்குவா'ன்னார்."

தையல்காரி மேஜையில் இருந்த சாம்பல் நிற பூட்ஸைக் கிட்டே இழுத்தாள்.

அக்காதான் பார்த்துக்கொண்டாள். பள்ளிக்கூட ஷூவிலிருந்து அவள்தான். தம்பிக்கு வலது காலில் சுண்டுவிரல் இல்லை. அந்த இடத்தில் கால் ஆடாமல் இருக்க, கம்பளியைக் கெட்டியாக அடித்துச் செய்த நமதாவில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, உள் துணிக்குப் பின்னால் வைத்து, வளைந்த ஊசியால் தைத்துக் கொடுப்பாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்தக் கடைசி பூட்ஸுக்கும் வைத்தாள். ராத்திரி டப்பாவில் போட்டுச் சமையல் மேடையில் வைத்தான், காலையில் தைத்து டப்பாவிலேயே வைத்துவிட்டாள். நிறம்கூடச் சரியாக நினைவில்லை. அவளுக்கு வெளியே பார்க்கிற பழக்கம் இல்லை, உள்ளேதான் அவள் வேலை.

அவள் சாம்பல் நிற பூட்ஸின் வலதுக்குள் கையை விட்டாள். விரலால் ஓரமாகத் தடவினாள். இன்னொரு முறை தடவினாள்.

"இல்ல" என்றாள். "இங்க ஒண்ணும் இல்ல."

மௌனி அதை வாங்கி, உள்ளே இருந்த அட்டையை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். பல நாள் போட்டு நடந்த கால் அதில் தன் தடத்தைக் குழிகுழியாகப் பதித்திருந்தது. ரேடியோ எண்ணினான்.

"அஞ்சு."

"என் தம்பிக்கு நாலு!"

"அப்ப இது உங்க தம்பியோடது இல்ல அக்கா. ரெண்டு பேர் மலைக்குப் போனாங்க, ரெண்டு ஜோடி பூட்ஸ் போச்சு. ஒரு ஜோடி இங்க இருக்கு. மிச்சக் கணக்கு எனக்கே புரியுது, உங்களுக்குப் புரியாதா?"

புரிந்தது. புரிந்ததும் முதலில் வந்தது அழுகை இல்லை, சூடு. உள்ளங்காலில் ஆரம்பித்து உச்சந்தலை வரை ஏறிய சூடு. தோளைப் பிடித்துக்கொண்டு தேம்பினானே, அந்தத் தோளையே வெட்டிப் போடலாம் போல இருந்தது. ஒரு வருஷம்! ஒரு வருஷமாக அவள் கோபத்தை அவன் வேறொரு வாசலில் கட்டிப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சோறு தின்றிருக்கிறான். அதுவும் பாதி நாள் அவள் கையால்.

கடைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிப்பு கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

"மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம்மா" என்றார் அவர். "என் வாசல்ல கத்தினீங்கல்ல? அதே குரல்ல அவன் வாசல்ல கத்துங்க. அது போதும்."

தெருவுக்கு வந்ததும் தையல்காரி இடுப்புப் பையிலிருந்து வளைந்த ஊசியை எடுத்தாள். மாட்டுத் தோலையும் துளைக்கிற ஊசி. "அவன் கண்ணுல சொருகப் போறேன்" என்று நடக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, கொலை பண்ணினா கேஸ் உங்க மேல திரும்பிடும், எங்களுக்கும் கெட்ட பேரு" என்று ரேடியோ பின்னாலேயே ஓடினான். "அதோட அவன் மாத்தினான்னு நமக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணுமே! 'செத்தவன் பூட்ஸ் எனக்கெப்படித் தெரியும்'னு கைய விரிச்சிடுவான்."

மௌனி யாருக்கோ போன் பேசி முடித்துவிட்டு வந்தாள். ஊசியைப் பார்த்தாள்.

"பத்திரமா வச்சுக்கோங்க" என்றாள். "அதுக்கு வேலை இருக்கு."

*

சிகரத்தின் பயிற்சிக்கூடம் ஒரு பழைய கிடங்கு. உள்ளே ஒரு சுவர் முழுக்க செயற்கைப் பாறை, தரை முழுக்க மெத்தை. வாசலில் செருப்புகளும் ஷூக்களும் வரிசையாகக் கிடந்தன. ரேடியோ அன்று மாலை வகுப்பில் புது மாணவனாகச் சேர்ந்திருந்தான். பத்துப் பதினைந்து பேரை ஒரே கயிற்றில் இடைவெளி விட்டுக் கட்டி, கயிற்றின் முனையைத் தன் இடுப்பில் பூட்டிக்கொண்டு சிகரம் முன்னால் ஒரு சின்ன மேடையில் நின்றான். ரேடியோ நாலாவது ஆள். தையல்காரியும் மௌனியும் பின்வரிசைப் பார்வையாளர் பெஞ்சில், தூணுக்குப் பின்னால் இருந்தார்கள்.

"செருப்பை ஏன் வாசல்ல விடச் சொல்றேன்?" சிகரத்தின் குரல் கணீரென்று இருந்தது. "மலை மேல தங்குற குடில்லயும் இதே சட்டம்தான். ஈர பூட்ஸ் உள்ள வரக் கூடாது, எல்லாம் வாசல்லதான் கிடக்கும். ஆனா ஒருத்தன் பூட்ஸை இன்னொருத்தன் தொட மாட்டான். ஏன்னா அங்க பூட்ஸ் போனா உயிர் போச்சு. அதுதான் மலைக்காரன் நாணயம்."

தையல்காரியின் பல் நறநறத்தது பக்கத்தில் இருந்த மௌனிக்குக் கேட்டிருக்கும். நாணயமாம்!

"இன்னைக்குப் பாடம், பாதி பாறை பாதி பனிக்கு என்ன பூட்ஸ் போடுறது." அவன் பக்கத்தில் இருந்த கண்ணாடிப் பெட்டியைத் தட்டினான். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் ஒரு ஜோடி பூட்ஸ். கெட்டி அடி, சன்ன நுனி, முன்னாலும் பின்னாலும் பள்ளம். "உச்சியில எடுத்த போட்டோவுல பாத்திருப்பீங்க. இதுதான் அது. என் கூட வந்தவன் தப்பா தேர்ந்தெடுத்தான். நான் சரியா தேர்ந்தெடுத்தேன். அதான் இன்னைக்கு நான் பேசுறேன், அவன் பேசல."

ரேடியோ கையைத் தூக்கினான். கயிற்றில் அவனுக்கு முன்னால் இருந்தவரும் சேர்ந்து ஆடினார்.

"மாஸ்டர், நிஜமாவே அதே பூட்ஸா? இல்ல, காட்டுறதுக்குன்னு வாங்கினதா? என் சித்தப்பா வீட்டுல ஒரு புலித்தோல் இருக்கு. கிட்டப் போய்ப் பாத்தா ரெக்சின்."

எல்லோரும் சிரித்தார்கள். சிகரத்துக்குச் சுருக்கென்றது. சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்து, வலது பூட்ஸைத் தூக்கிக் காட்டினான்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில கழட்டினது. நான் கடையில வாங்கின நாள்லேருந்து என் கால் மட்டும்தான் இதுக்குள்ள போயிருக்கு. கழட்டினப்புறம் அதுவும் போகல. ஒரு நூல்கூட மாத்தல. போதுமா?"

"போதும் மாஸ்டர். இன்னும் ஒரே ஒரு சந்தேகம். நண்பருக்காக விரலைக் கொடுத்தீங்களே, அது எந்த விரல்?"

இதற்காகவே காத்திருந்தவன் போல அவன் வலது காலை மேடை விளிம்பில் வைத்தான். ஓரத்தில் நாலாவது விரலுக்குப் பிறகு வெறும் தழும்பு.

"சுண்டுவிரல்" என்றான் பெருமையாக.

தம்பிக்குப் பிறவியிலேயே இல்லாத அதே விரல்! தையல்காரி திரும்பி மௌனியைப் பார்த்தாள். மௌனி லேசாகத் தலையை அசைத்தாள். இதை அவள் முன்பே கணக்குப் போட்டிருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

தையல்காரி எழுந்து முன்னால் நடந்தாள். அவளைப் பார்த்ததும் சிகரத்தின் முகம் ஒரு நொடி செத்துப் பிழைத்தது.

"அக்கா! நீங்க எப்ப வந்தீங்க? சொல்லியிருந்தா கார் அனுப்பியிருப்பேனே!"

"அந்த பூட்ஸைக் கொஞ்சம் கொடுப்பா" என்றாள் அவள். குரலை எப்படி அவ்வளவு மெதுவாக வைத்துக்கொண்டாள் என்று அவளுக்கே ஆச்சரியம். "என் தம்பி கூட மேல வரைக்கும் போனதாச்சே. ஒரு தடவை தொட்டுப் பாக்கறேன்."

இத்தனை பேர் பார்க்கும்போது எப்படி மறுப்பான்? "பாருங்க, இவங்கதான் அந்தத் தம்பியோட அக்கா" என்று உருக்கமாக அறிமுகம் செய்துவிட்டு, பூட்ஸை அவள் இரண்டு கையிலும் வைத்தான்.

அவள் உள்ளே கையை விட்டாள். விரல் ஓரமாகப் போனது. துணிக்கு அடியில் ஒரு சின்ன மேடு. அவள் தைத்த தையல், அவள் போட்ட முடிச்சு. தம்பியின் காலையே தொட்டது போல இருந்தது. அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு ஊசியை எடுத்தாள். நாலே இழுப்பு, தையல் பிரிந்தது. விரல் அளவு நமதாத் துண்டு ஒன்று அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

"இது என்ன?" என்றாள். இப்போது மெதுவாக இல்லை. கடை வாசலில் நின்று கத்திய அதே குரல். "விரல் இல்லாத என் தம்பி காலுக்கு நான் வச்சுத் தச்ச துண்டு, உன் பூட்ஸுக்குள்ள எப்படிடா வந்துச்சு?"

கயிற்றில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆனால் சிகரம் மலையில் பழகியவன், சறுக்கினாலும் சட்டென்று பிடித்துக்கொள்வான்.

"அக்கா..." என்று பரிதாபமாகச் சிரித்தான். "அது நான் வச்சது. எனக்கும் இப்ப அந்த விரல் இல்லையே! இடம் காலியா இருந்துச்சு, ஒரு துண்டை வச்சுத் தைக்கச் சொன்னேன். பாவம், தம்பி போன துக்கத்துல உங்களுக்கு எதைப் பாத்தாலும்..." முடிக்காமல் மற்றவர்கள் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினான். அவர்கள் அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் வந்துவிட்டது.

இவ்வளவு தூரம் வந்து, சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டு தோற்பதா? தையல்காரி துண்டை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

"மாஸ்டர்" என்றான் ரேடியோ. "கழட்டினப்புறம் ஒரு நூல்கூட மாத்தலன்னு இப்பத்தானே சொன்னீங்க? துண்டு தானா நடந்து உள்ள போச்சா?"

"அது... சும்மா பேச்சுக்குச் சொன்னது. ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் வச்சேன், மறந்துட்டேன்."

"சரி" என்று ஒரு குரல் வந்தது. மௌனி தூணுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தாள். "விரல் போனப்புறம்தான் வச்சீங்க?"

"ஆமா. அதான் சொல்றேனே."

"அம்மா, அந்தத் துண்டைத் திருப்புங்க."

தையல்காரி திருப்பினாள். கால் படுகிற பக்கம். கெட்டியான நமதாவின் நடுவில் ஒரு குழி. நீளமாக, நுனியில் உருண்டையாக, நகத்தின் விளிம்பு கோடு போட்ட குழி. அதைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ரத்தக் கறை காய்ந்திருந்தது.

"இல்லாத விரல் எப்படிக் குழி போடும்?" என்றாள் மௌனி.

அதற்கப்புறம் பேசியது போல நீளமாக அவள் பேசி ரேடியோ பார்த்ததில்லை. அவனே வாய் மூடிக் கேட்டான்.

"இந்தத் துண்டு உள்ள இருக்கும்போது, அஞ்சு விரல் உள்ள கால் ஒண்ணு இந்த பூட்ஸுக்குள்ள போயிருக்கு. இவங்க தம்பிக்கு நாலு. உங்களுக்கு அன்னைக்கு அஞ்சு. நாலு விரலுக்குன்னு அடைச்ச இடத்துல அஞ்சாவதைத் திணிச்சுக்கிட்டு உச்சி வரை போனீங்க. நசுங்கின விரலுக்கு ரத்தம் போகாது, ரத்தம் போகாத விரல்தான் பனியில முதல்ல விறைக்கும். அதனாலதான் மத்த ஒம்பதும் தப்பிச்சுது, அது ஒண்ணு மட்டும் போச்சு. நண்பனைத் தேடிப் போன விரல் இல்ல அது. திருட்டு பூட்ஸுல மாட்டிக்கிட்ட விரல்."

சிகரம் தன் வலது காலைப் பார்த்தான். ஒரு வருஷமாக மேடை ஏற்றிக் காட்டிய காலை இப்போது இன்னொரு காலுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான்.

"அவன் திரும்பிடலாம்னான்" என்றான் கடைசியில். குரலில் கணீர் போயிருந்தது. "குடில்ல தங்கியிருந்தோம். ராத்திரி பனி கல்லா இறுகிடுச்சு. உன் பூட்ஸ் இதுக்கு ஆகாது, ரெண்டு பேரும் இறங்கிடலாம்னான். வானம் தெளிஞ்சிருந்துச்சு. மறுபடி அப்படி ஒரு நாள் கிடைக்குமா? என் கிராம்பான் வாருல கட்டுறது, எந்த பூட்ஸுக்கும் சேரும். விடியக்காலையில வாசல்ல இருந்ததைப் போட்டுக்கிட்டு... அவன் தூங்கிட்டிருந்தான். அவன் பேசாம அங்கயே இருந்திருக்கலாமே!"

"நீ எந்தப் பக்கமா இறங்கின?" என்று தையல்காரி கேட்டாள்.

அவன் இடுப்புக் கயிற்றைத் திருகினான்.

"கேக்குறேன்ல? அவன் இருந்த பக்கமா இறங்கினியா?"

"மறுபக்கம்... சுலபமா இருந்துச்சு."

அவள் கண் முன்னால் எல்லாம் வந்தது. தம்பி எழுந்து வாசலில் பார்த்திருப்பான். தன் பூட்ஸ் இல்லை. கூட்டாளி திரும்பி வருவான் என்று காத்திருப்பான், சந்தேகப்படுகிற பிள்ளை இல்லை அவன். வரவில்லை. கடைசியில் அந்த மெத்துப் பூட்ஸைப் போட்டு, பூட்டாத கிராம்பானைக் கயிற்றால் கட்டி, முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டு, பனிச்சரிவில் கால் வைத்திருப்பான். லேஸுக்கு இஸ்திரி போடுகிறவன் கட்டிய அந்தக் கயிறு!

அவள் கை ஊசியோடு தானாக உயர்ந்தது. ரேடியோ தாவப் பார்த்தான், கயிறு இழுத்துப் பிடித்தது.

ஆனால் அதற்குள் வேறொரு சத்தம் கேட்டது. க்ளிக். சிகரத்துக்கு அடுத்தபடியாகக் கயிற்றில் நின்ற ஒரு பெண் தன் இடுப்புக் கொக்கியைக் கழற்றிக் கயிற்றைக் கீழே போட்டாள். அடுத்தவர் கழற்றினார். க்ளிக், க்ளிக் என்று வரிசையாகக் கடைசி வரை போனது. ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. கயிறு மெத்தையில் கிடந்தது, அதன் முனையில் அவன் மட்டும் கட்டியிருந்தான். மலை ஏறுகிறவனுக்கு அதைவிட வேறு அடி தேவையில்லை. அவன் முகத்தில் அது விழுந்ததைத் தையல்காரி கண்குளிரப் பார்த்தாள். கை தானாக இறங்கியது.

"வெளிய இன்ஸ்பெக்டர் நிக்கிறார்" என்றாள் மௌனி.

சிகரம் வெறுங்காலோடு வாசலுக்கு நடந்தான். அங்கே வரிசையாகக் கிடந்த செருப்புகளுக்கு நடுவில் தையல்காரி அந்தச் சாம்பல் நிற பூட்ஸைக் கொண்டுபோய் வைத்தாள். இடதில் இருந்த கிராம்பானும் கயிறும் மௌனியின் பைக்குள் போயிருந்தன.

"உன்னோடதுதானே? போட்டுக்கோ."

அவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். அவர் வேறு பக்கம் பார்த்தார். வேறு வழியில்லாமல் உட்கார்ந்து போட்டுக்கொண்டான். இடது கால் சிக்கென்று உட்கார்ந்தது, ஒரு வருஷம் கழித்தும் சொந்தக்காரனை மறக்கவில்லை.

"அடடா, சாட்சி கூண்டுக்குத் தானே நடந்து போகுது" என்றான் ரேடியோ.

சிகரம் எழுந்து நாலு அடி வைத்தான். வலது கால் ஓரத்தில் காலியாக இருந்த இடத்தில் கால் நழுவி, நடை ஒரு பக்கமாக இழுத்தது. தையல்காரி நமதாத் துண்டை இடுப்புப் பையில் போட்டு மூடினாள்.

"வலது கால் லூசா இருக்கா?" என்று பின்னாலிருந்து கேட்டாள். "இருக்கும். ஜெயில்ல தையல் வேலை கத்துக் கொடுக்கிறாங்களாம். கத்துக்கிட்டு நீயே வச்சுத் தச்சுக்கோ. உனக்குத் தைக்க வெளியில யாரும் இல்ல."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஜீப் கிளம்பிப் போகும் வரை அவள் வாசலிலேயே நின்றாள். பிறகு மௌனியின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.